அக்காளின் கயிறு தங்கையின் கழுத்தில்

தன் வாழ்நாளில் மொத்தம் மூன்றே மூன்று பொய்தான் சொல்லியிருப்பதாக ஃபர்ஜானி சொல்லிக்கொள்வார். முதல் இரண்டும் கல்யாணத்துக்கு முன்னால் மனைவி ஹனியாவின் அப்பாவிடம் சொன்னவை. அவற்றை எங்கள் பாலைவன ஓரத்து டூஸ் ஊரே சிரித்து மன்னித்துவிட்டது. மூன்றாவது பொய் ஓர் ஒட்டகத்தைப் பற்றியது. அதைத் தலைநகரிலிருந்து வந்த டாக்டர் ரௌதாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அந்தப் பொய் அவரை ஒரு சனிக்கிழமை பாலைவனம் முழுக்க ஓடவிட்டு வேடிக்கை பார்த்தது.

பேரீச்சந்தோப்புகள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. பலகையில் மூன்று வரிக்கு ஒரு பெயர் எழுதியிருக்கும். அதை எழுதியவனைத் தவிர வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு அது தேள் வீடு, அவ்வளவுதான். முன்பக்க அறையில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் தடித்த வால் மஞ்சள் தேள்கள். பின்னால் ஒரு பட்டி, அதில் பதினொரு ஒட்டகங்கள். அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர் ஃபர்ஜானி. வயது ஐம்பத்தெட்டு. மணலில் கிடக்கும் ஒரு தடத்தைப் பார்த்தே இது யார் வீட்டு ஒட்டகம், எந்தக் காலில் வலி, சினையா வெறுமையா என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆகஸ்ட் காலையில், அவருடைய மகள் நஜ்வா வாசலில் கிடந்த செருப்புக்குள் கால் விட்டாள். ஆறு வயது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மாற்று மருந்தைப் போட்டார்கள். யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது, எல்லாரும் ஓடியாடித்தான் செய்தார்கள். ஆனால் மருந்து கிளம்புவதற்குள் விஷம் முந்திக்கொண்டது. மதியத் தொழுகைக்கு அழைக்கும் நேரத்தில் குழந்தை போய்விட்டாள். அதற்குப் பிறகு ஃபர்ஜானி வாயிலிருந்து தேள் என்ற சொல்லே வராது. அந்தச் சனியன் என்பார்.

பிறகு ஒரு நாள் ரௌதா வந்தாள். நாற்பது வயதிருக்கும், வேக நடை, காதில் எப்போதும் பேனா. சந்தை டீக்கடையில் உட்கார்ந்து, ஒட்டகம் பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்டாள். எதற்கு என்று ஃபர்ஜானி கேட்டார்.

"குதிரை மருந்து கனமான ஆளு, சித்தப்பா. ரத்தத்தை விட்டு இறங்கி உடம்புக்குள்ள போறதுக்குள்ள விஷம் எங்கயோ போயிடுது. ஒட்டகத்து ரத்தத்துல ஒரு பொடிசு இருக்கு. அதுவும் விஷத்தை முறிக்கிற சாமான்தான், ஆனா குதிரையோடதுல பத்துல ஒரு பங்குதான் இருக்கும். விஷம் எந்தச் சந்துல நுழையுதோ அதே சந்துல இதுவும் நுழையும். விஷத்தோட கூடவே ஓடும்."

ஃபர்ஜானி கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் விடியும்போதே பட்டி வாசலில் நின்றார்.

இப்படிப்பட்ட மனிதர் ஏன் அவளிடம் பொய் சொன்னார் என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாம் ஒரு பாராட்டால் வந்த வினை. ஊசி போட ஒட்டகம் தேர்ந்தெடுக்க ஜனவரியில் ரௌதா பட்டிக்குள் வந்தாள். பதினொன்றையும் பார்த்தாள். சாம்பல் நிறத்து ஷஹ்பாவின் முன்னால் நின்று, "ஆஹா, என்ன உடம்பு, என்ன பளபளப்பு! இதுதான் எனக்கு வேணும்" என்று சொல்லி, சிவப்புக் கம்பளிக் கயிறு ஒன்றை அதன் கழுத்தில் தன் கையாலேயே கட்டினாள். கண் படாமலிருக்கச் சொல்கிற மாஷா அல்லாஹ்கூடச் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஹனியாவுக்கு மாவு கையிலிருந்து நழுவியது.

ஷஹ்பா சினை. அந்த உடம்பும் பளபளப்பும் அதனால்தான். இதற்கு முன் இரண்டு முறை அதற்குச் சினை கலைந்திருக்கிறது, இரண்டு முறையும் யாரோ வாய்விட்டுப் புகழ்ந்த பிறகு. எங்கள் ஊரில் சினை ஒட்டகத்தைப் பற்றி வெளியாளிடம் மூச்சு விட மாட்டோம். கன்று விழுந்து நாற்பது நாள் ஆகும்வரை சொந்தத் தம்பிக்கே சொல்லாதவர்கள் உண்டு. கண் பட்டால் கல்லே பிளக்கிறபோது கன்று எம்மாத்திரம்?

"சினையா இல்லையே?" என்று ரௌதா கேட்டாள். சினையாக இருந்தால் விஷ ஊசி போடக் கூடாதாம்.

"இதுவா? மலடு, டாக்டரம்மா" என்றார் ஃபர்ஜானி.

சொல்லிவிட்டாரே தவிர, மூன்று நாள் தூக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால் கண் படும். சொல்லாவிட்டால் விஷம் படும். நான்காம் நாள் வழி கிடைத்தது. ஷஹ்பாவுக்கு ஒரு தங்கை உண்டு, பெயர் வர்தா. ஒரே தாய், ஒரே பால், ஒரே நிறம், அதே திமிர். ஊசி நாள் வந்தால் காலையில் சிவப்புக் கயிறு வர்தாவின் கழுத்துக்குப் போகும். மாலையில் ஷஹ்பாவிடம் திரும்பும். தலைநகரத்து மனிதர்களுக்கு எல்லா ஒட்டகமும் ஒரே முகம்தான். வாரத்துக்கு ஒன்றாக ஆறு வாரம், முறித்து வலுக்குறைத்த தேள் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டி வர்தா வாங்கிக்கொண்டது. வாங்கும்போதெல்லாம் ஃபர்ஜானியின் தோளைக் கடிக்க வந்தது. அவரும் கடிபடத் தயாராகத்தான் நின்றார்.

திங்கட்கிழமை கடைசி ஊசி. செவ்வாய்க்கிழமை, பாவம் பட்ட பாட்டுக்குப் புல்லாவது தின்னட்டும் என்று, தெற்கே மழை பெய்து பசுமை பிடித்த பக்கம் மேய்ச்சலுக்குப் போன ஒரு மந்தையோடு வர்தாவை அனுப்பிவைத்தார். வியாழக்கிழமை ரத்தம் எடுக்க வந்தார்கள். கயிறு ஷஹ்பாவின் கழுத்தில் இருந்தது, ஷஹ்பாவே ரத்தம் கொடுத்தது. ஃபர்ஜானி இதைத் திருட்டுத்தனம் என்று நினைக்கவே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே மடியில் குடித்தவர்களுக்குள் ரத்தத்தில் என்ன பேதம்? எங்கள் பக்கம் ஒரே தாயிடம் பால் குடித்த அந்நியப் பிள்ளைகளே உடன்பிறப்பு ஆகிவிடுவார்கள், கல்யாணம்கூடக் கட்டிக்கொள்ள முடியாது. கூடப்பிறந்ததைப் பற்றிக் கேட்பானேன்!

சனிக்கிழமை காலை ரௌதா பட்டிக்கு வந்தாள். காதில் பேனா இல்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை எலிகளுக்கு விஷத்தோடு ஷஹ்பாவின் ரத்தத் தெளிவை, அதாவது உறைந்த ரத்தத்தின் மேல் நிற்கும் நீரை, கலந்து கொடுத்தார்களாம். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஒட்டகத்தால் ஆகவில்லை என்று எழுதி அனுப்பிவிட வேண்டியதுதான், தலைநகரத்தில் இந்த வேலையையே மூடிவிடுவார்கள் என்றாள். ஹனியா டீ கொண்டுவந்து வைத்தாள், ரௌதா அதைத் தொடவில்லை.

ஃபர்ஜானி அவள் எதிரே மணலில் குந்தினார். ஏதோ பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏன் டாக்டரம்மா, தங்கச்சி பட்டது அக்கா ரத்தத்துக்குத் தெரியாதோ?"

"எப்படித் தெரியும், சித்தப்பா? யாரு பட்டாங்களோ அவங்க ரத்தத்துக்குத்தான் தெரியும். அது பொறப்புல வர்றதில்ல, பட்டுப் படிக்கிறது."

அவர் எழுந்து பட்டியை ஒரு சுற்று சுற்றினார். இரண்டாம் சுற்றில் ஹனியா குறுக்கே வந்து, வாயைத் திறந்தால் கன்று போச்சு என்று கண்ணாலேயே சொன்னாள். மூன்றாம் சுற்றில் அவர் ஷஹ்பாவின் வயிற்றைப் பார்த்தார். உள்ளே கன்று காலை உதைத்தது தோலுக்கு மேலேயே தெரிந்தது. இந்த மருந்து வராமல் போனால் அடுத்த ஆகஸ்டிலும் யாராவது ஒருத்தி செருப்புக்குள் கால் விடத்தான் போகிறாள். அவர் ரௌதாவின் முன்னால் வந்து நின்றார்.

"எழுதிடாதீங்க டாக்டரம்மா. ஊசி வாங்கினது இவ இல்ல. இவளோட தங்கச்சி வர்தா. இவ சினை. நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

ரௌதா ஷஹ்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்ததும் முகம் சிவந்தது.

"ஆறு வாரம்! என் மூக்குக்கு முன்னாடி ஆறு வாரம் கயிறை மாத்திக் கட்டியிருக்கீங்க. நான் ஒரு முட்டாள்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"நீங்க முட்டாள் இல்ல. உங்களுக்கு ஒட்டகம் தெரியாது, அவ்வளவுதான்" என்றார் ஃபர்ஜானி. அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய பேச்சா அது? ஹனியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ரௌதா ஏதோ திட்ட வாயெடுத்தவள், சட்டென்று நிறுத்தி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். திங்கள் ஊசி. செவ்வாய், புதன், வியாழன். ஐந்தாம் விரலில் வந்து நின்றாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அந்தப் பொடிசைத் தயாரிக்கிற அணுக்கள் கடைசி ஊசிக்குப் பிறகு சில நாள்தான் ரத்தத்தில் நிறைய ஓடுமாம், ஐந்தாம் நாள் உச்சமாம், அப்புறம் எலும்புக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம். இன்றே பிடித்தால் உண்டு. இந்த வருடத்து விஷத்தில் எலிகளுக்குக் கொடுக்கக் கொஞ்சம்தான் மிச்சம், ஒட்டகத்துக்கு மறுபடி ஊசி போடப் போதாது, இனி ஜூலையில் தேள் பிடித்துத்தான் விஷம் சேர்க்க வேண்டும், அதுவரை இந்த வேலையை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள்.

"அவ எங்க?" என்று கேட்டாள்.

நாற்பது கிலோமீட்டர் தெற்கே என்று ஃபர்ஜானி சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓட்டுநர் தாஹரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். தாஹர் தொப்பை ஆசாமி, பாதி ரொட்டியோடு வந்தார். பிக்கப் வண்டியில் பனிக்கட்டிப் பெட்டி, ஊசி, ரத்தப் பை எல்லாம் ஏறின. ஃபர்ஜானி பின்னால் நின்றபடியே வந்தார், உட்கார்ந்தால் தடம் தெரியாதாம். வண்டி மணல்மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் தலைப்பாகை அவிழ்ந்து முகத்தில் அடித்தது. அந்த வயதில் அப்படிப் போவதற்கு உள்ளுக்குள் அவருக்கு ஒரே குதூகலம், ஆனால் குற்றவாளி சிரிக்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டார்.

கிணற்றடியில் மந்தை கிடைத்தது. வர்தா கிடைக்கவில்லை. மேய்ப்பன் கையை விரித்தான். நேற்றுக் காலையிலிருந்தே காணோமாம், நாலு பக்கமும் தேடிவிட்டானாம். ரௌதா வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி பதினொன்று ஆகிவிட்டது.

ஃபர்ஜானி குனிந்தார். நூறு ஒட்டகம் மிதித்த மணல் அது, நமக்கெல்லாம் கஞ்சி கலக்கிய மாதிரிதான் தெரியும். அவர் கிணற்றைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் நடந்தார், பிறகு இன்னும் அகலமாக ஒன்று. வர்தாவின் இடது பின்காலில் பாதம் வெடித்திருந்ததால் குளிர்காலத்தில் அவரே ஒரு தோல் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தார். அந்தத் தையலின் ஓரம் மணலில் பிறை மாதிரி விழும். மூன்றாம் வட்டத்தில் பிறை கிடைத்தது. அது போகிற திசையைப் பார்த்ததும் அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"வடக்கால போயிருக்கா. நேரா போயிருக்கா, மேயவே இல்ல. வீட்டுக்குத்தான் போறா."

"அப்ப நாம வந்த வழியே திரும்பணுமா?" என்றார் தாஹர். "காலையில என் டீசலும் போச்சு, ரொட்டியும் போச்சு. உங்க ஒட்டகத்துக்கு நம்மளை விட புத்தி இருக்கு, ஃபர்ஜானி."

வந்த வழியேதான் திரும்பினார்கள். காற்று கிளம்பித் தடத்தை மூடத் தொடங்கியிருந்தது. சில இடத்தில் பிறை தெளிவாக இருந்தது, சில இடத்தில் ஒரு நிழல்தான். இரண்டு முறை தவறவிட்டு இரண்டு முறையும் இறங்கி, முழங்காலில் ஊர்ந்து பிடித்தார். ரௌதாவும் இறங்கிவிட்டாள். கடைசியில் அவளே ஓர் இடத்தில் "பிறை!" என்று கத்தினாள். அது ஒரு வண்டின் தடம். ஃபர்ஜானி அதைச் சொல்ல மனமில்லாமல், அருகிலேயே இருந்த உண்மையான தடத்தைக் காட்டி, சரியாகப் பார்த்தீர்கள் என்றார். அதைப் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

வர்தா எங்கே இருந்தது தெரியுமா? தேள் வீட்டுப் பட்டியின் பின்சுவரில். சுவருக்கு அந்தப் பக்கம் ஷஹ்பா, இந்தப் பக்கம் வர்தா, இரண்டும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. ஹனியா ஒரு கை புல்லை நீட்டியபடி, "எங்க சுத்திட்டு வர்றீங்க? இவ வந்து அரை மணி ஆச்சு" என்றாள்.

ஊசியைப் பார்த்ததும் வர்தா அசைபோட்டதை அப்படியே ரௌதாவின் முகத்தில் துப்பியது. பச்சைக் குழம்பு, தலைமுடி வரை. ரௌதா துடைத்துக்கொள்ளாமல் சிரித்தாள். ஃபர்ஜானி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கிணற்றடியில் ஒட்டகங்களுக்குப் பாடுகிற பாட்டை மெல்ல எடுத்தார். முழங்கால் மடிந்து வர்தா உட்கார்ந்தது. பை நிறைந்தது. சூரியன் மறைய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

ஞாயிறு காலை பன்னிரண்டு எலிகள். ஆறுக்கு வெறும் விஷம். ஆறுக்கு அதே விஷமும் வர்தாவின் ரத்தத் தெளிவும். ஃபர்ஜானி இதுவரை அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை, தேள்கள் அடுத்த அறையில்தான் இருக்கின்றன. அன்று உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் ஆறும் போகும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு ரௌதா அவர் தோளைத் தட்டினாள். மற்ற ஆறும் நடமாடிக்கொண்டிருந்தன. ஒன்று காதைச் சொறிந்தது.

ரௌதாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஃபோனை எடுத்துவிட்டாள். ஃபர்ஜானி கையைத் தூக்கித் தடுத்தார்.

"மதியம் பாங்கு சொல்ற வரைக்கும் பொறுங்க, டாக்டரம்மா."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. டூஸில் அவளுக்கும் மூன்று வருடம் ஆகிவிட்டது. ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு அவளும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பத்து மணி, பதினொரு மணி. ஒரு எலி தூங்கப் போனது, ஃபர்ஜானி எழுந்தே விட்டார். அது சும்மா தூங்கத்தான் போனது. பள்ளிவாசலிலிருந்து பாங்குச் சத்தம் வந்தபோது ஆறும் மூலையில் கூடி தானியம் கொறித்துக்கொண்டிருந்தன. ஃபர்ஜானி தலைப்பாகையின் நுனியை முகத்தில் அழுத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதார். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை, அதுவும் சந்தோஷத்தில்.

சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும் முன் ரௌதா பட்டிக்குப் போனாள். ஹனியா ஓடிப்போய் ஷஹ்பாவின் முன்னால் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள், மறைக்க. ரௌதா எட்டிப் பார்த்தாள். தலையிலிருந்து வால்வரை நிதானமாகப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"ச்சீ, என்ன ஒட்டகம் இது? எலும்பும் தோலுமா, பாக்கவே சகிக்கல" என்றாள்.

ஹனியாவின் கை கீழே இறங்கியது. பிறகு அவள் ரௌதாவை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, ஒரு கூடைப் பேரீச்சம்பழத்தை வண்டியில் ஏற்றினாள். தாஹர் அதில் பாதியை வழியிலேயே முடித்திருப்பார்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஃபர்ஜானி தலைநகரத்துக்கு ஃபோன் போட்டார். நாற்பது நாள் முந்தின நாள்தான் முடிந்திருந்தது.

"டாக்டரம்மா, பொறந்திருக்கு. பொட்டைக் கன்னு. காலு கோணல், மூஞ்சி ஒட்டடை. ஒண்ணுக்கும் ஆகாது."

அந்தப் பக்கம் ரௌதா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அடடா, பாவமே" என்றாள். "எங்கிட்டயும் ஒரு மட்டமான சேதிதான் இருக்கு, சித்தப்பா. வர்தா ரத்தத்துலேர்ந்து அந்தப் பொடிசை மட்டும் தனியா பிரிச்சு எடுத்துட்டோம். இந்தத் தடவை கலந்து கொடுக்கல. முதல்ல விஷத்தைக் கொடுத்து, அது ஓட ஆரம்பிச்ச அப்புறம்தான் இதைக் கொடுத்தோம்."

ஃபர்ஜானி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "விஷம் முன்னாடி போயிருந்துச்சா?"

"ரொம்ப முன்னாடி போயிருந்துச்சு. இது ஓடிப் பிடிச்சிருச்சு."

"எலிங்க?"

"எலிங்களா? தின்னுட்டுத் தின்னுட்டு நாள் முழுக்கத் தூங்குதுங்க. பாக்கவே சகிக்கல."